ஜொங்னோவில் எங்கே சாப்பிடுவது? பலகையைப் பாருங்கள்!

சென்ற மாதம் என் கடைக்கு ஓர் இளம் வர்த்தகர் வந்திருந்தார். புறக்கோட்டையில் தையல் உதிரிப் பொருட்கள் விற்பவர். பட்டன், லேஸ், ஸிப், நூல் என்று இதுவரை மற்றவர்கள் இறக்குமதி செய்வதை வாங்கி விற்றுக் கொண்டிருந்தவர், இப்போது தானே தென் கொரியாவுக்குச் சென்று கொள்வனவு செய்யத் தீர்மானித்திருக்கிறார். நல்ல முயற்சி. ஆனால் அவர் என்னிடம் கேட்டது சரக்கு விலை பற்றி அல்ல.

"நானா, அங்க சாப்பாட்டுக்கு என்ன செய்யிற? பத்து டின் மீனும் ஒரு பெட்டி நூட்ல்ஸும் கட்டி வச்சிருக்கன். போதுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முதன்முறை நான் சியோலுக்குப் போனபோது என் பெட்டியிலும் டின் மீன்தான் இருந்தது. ஆறு நாள் ஹோட்டல் அறையில் சுடுதண்ணீர்க் கேத்தலோடு குடும்பம் நடத்தினேன். ஊர் திரும்பியபோது வயிறும் சரியில்லை, வியாபாரமும் சரியில்லை. ஒழுங்காகச் சாப்பிடாத மனிதன் ஒழுங்காகப் பேரம் பேசவும் மாட்டான். அதனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதை, அங்கே போகவிருக்கும் ஏனைய வர்த்தகச் சகோதரர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இதில் இரண்டு விதமான தவறுகளை நம்மவர்கள் செய்கிறார்கள். ஒரு சாரார் பயந்துபோய் டின் மீனோடு அறைக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். மறு சாரார் "வெளியூரில் என்ன செய்வது, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட வேண்டியதுதான்" என்று கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை என்பதே என் கருத்து. கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால், ஜொங்னோவில் நிம்மதியாக மூன்று வேளையும் சாப்பிடலாம். அந்தப் பலகையிலிருந்து நமது வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் இருக்கிறது.

ஜொங்னோ என்பது எது?

சியோல் நகரின் நடுவில் இருக்கும் பழைய பகுதிதான் ஜொங்னோ. "மணி வீதி" என்பது அதன் பொருள். நகரின் வாயில்களைத் திறக்கவும் மூடவும் அடித்த பெரிய மணி இந்த வீதியில் இருந்ததால் அந்தப் பெயர். 1394இல் ஜோசன் அரசு தலைநகரை இங்கே மாற்றியது. மறுவருடம் க்யொங்போக்குங் அரண்மனை எழுந்தது. அரண்மனைக்கு முன்னால் நீளும் வீதிகளில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசே கடைகளைக் கட்டி வியாபாரிகளுக்குக் கொடுத்தது. அவர்கள் அரண்மனைக்கு வேண்டிய பொருட்களைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அந்தப் பொருளை நகரில் வேறு எவரும் விற்க முடியாதபடி தனியுரிமை பெற்றார்கள். பட்டு, பருத்தித் துணி, காகிதம், உலர்ந்த மீன் போன்றவற்றை விற்ற ஆறு பெரிய கடைத்தொகுதிகள் அவற்றில் பிரதானமானவை. 1791இல் மற்றவர்களின் தனியுரிமையை அரசு நீக்கியபோதும் இந்த ஆறு பேரையும் தொடவில்லை. 1894இல்தான் அவர்களுடைய உரிமையும் ஒழிந்தது. ஆக, ஜொங்னோ ஆரம்பத்திலிருந்தே நம்மைப் போன்ற வியாபாரிகளின் வீதி.

சாப்பாட்டுக் கடைகளும் இந்த வியாபாரத்தோடு சேர்ந்தே வளர்ந்தன. பெரிய வீதியில் அதிகாரிகள் குதிரையில் வந்தால் சாதாரண மக்கள் ஒதுங்கிக் குனிந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்படி நின்றால் வேலைக்குப் போவது எப்படி? ஆகவே வீதிக்குப் பின்னால் ஓடிய ஒடுங்கிய சந்தால் நடக்கத் தொடங்கினார்கள். அந்தச் சந்துக்குப் பிமாத்கோல், அதாவது "குதிரையைத் தவிர்க்கும் சந்து" என்று பெயர் வந்தது. கூலியாட்களும் சில்லறை வியாபாரிகளும் நடக்கும் இடத்தில் மலிவான சூப்புக் கடைகள் முளைப்பது இயல்புதானே. 2000களின் பிற்பகுதியில் அபிவிருத்தி என்ற பெயரில் அந்தச் சந்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. சில பழைய கடைகள் புதிய மாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் பின்சந்துக்குள் போய்ச் சாப்பிடும் பழக்கம் ஜொங்னோவில் இன்னும் மாறவில்லை. நல்ல சாப்பாடு வேண்டுமானால் பெரிய வீதியை விட்டு உள்ளே போக வேண்டும்.

சரக்கு எடுக்குமிடத்தில் மீன்

நமது வர்த்தகர்கள் பெரும்பாலும் போகுமிடம் தொங்தெமுன். ஜொங்னோவின் கிழக்கு எல்லையில், பழைய நகரின் கிழக்கு வாயிலை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள தொங்தெமுன் மொத்தச் சந்தைக் கட்டடம் 1970இல் திறக்கப்பட்டது. துணி, நூல், பட்டன், லேஸ், மணி என்று தையலுக்கு வேண்டிய அனைத்தும் மாடி மாடியாக இருக்கும். அதற்குப் பின்னால் சாங்சின்-தொங் மேட்டில் வீடுகளுக்குள்ளேயே சிறிய தையல் பட்டறைகள். மோட்டார் சைக்கிளில் துணிக்கட்டு மேலே போகும், தைத்த உடுப்பு கீழே வரும்.

இந்த மொத்தச் சந்தையிலிருந்து ஜொங்னோ 5ஆம் பகுதியை நோக்கி நடந்தால், பின்புறத்தில் ஓர் ஒடுங்கிய சந்து வரும். வருமுன்னரே மணம் வந்துவிடும். அதுதான் சுட்ட மீன் சந்து. கடை வாசலிலேயே அடுப்பை வைத்து மீனை வாட்டிக் கொண்டிருப்பார்கள். மீனுக்கு உப்பைத் தவிர வேறு பெரிய சேர்மானம் இல்லை. சுட்ட மீன், சோறு, ஒரு சூப், கிம்ச்சி, நாலைந்து கறி வகை என்று ஒரு தட்டில் வரும். நான் கடைசியாகப் போனபோது பத்தாயிரம் வொன்னுக்குச் சற்று மேலே கொடுத்தேன்.

என்ன மீன் என்று கேட்கிறீர்களா? கொதுங்கொ என்பது மெகரல். நாம் டின்னில் அடைத்துக் கொண்டுபோகும் அதே இனம், அங்கே அடுப்பிலிருந்து சூடாக வருகிறது! சம்சி என்பது நமது அறுக்குளாவுக்கு உறவான மீன். இதைச் சொன்னதும் அந்தத் தம்பி தன் டின் மீன்களை நினைத்துத் தலையைச் சொறிந்தார்.

கடல் மீனில் அறுப்புப் பற்றிய கேள்வி எழாது. ஆகவே ஜொங்னோவில் நமக்கு முதல் இடம் இந்தச் சந்துதான். ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. சில கடைகளில் மீனோடு பன்றி இறைச்சிப் பொரியலும், பன்றி இறைச்சி போட்ட கிம்ச்சிக் குழம்பும் இருக்கும். மீன் மட்டும் விற்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். சந்தையின் சுமை தூக்குவோரும் கடைச் சிப்பந்திகளும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கடையென்றால் மீன் பழசாக இருக்க வாய்ப்பில்லை.

பக்கத்துச் சந்தில் முழுக் கோழியைப் பெரிய பாத்திரத்தில் அவித்து மேசையிலேயே வைத்துத் தரும் "தக்-ஹன்மரி" கடைகள் வரிசையாக இருக்கின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோழி நமது முறைப்படி அறுக்கப்பட்டதல்ல. அதேபோல் சூப்புக் கடைகளில் பெயர்பெற்ற "ஹெஜாங்குக்" என்ற சூப்பில் உறைந்த மாட்டு இரத்தத்தைத் துண்டு துண்டாகப் போடும் வழக்கம் உண்டு. "சொல்லொங்தாங்" என்பது மாட்டு எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்த வெள்ளைச் சூப்பு. நூறு வருடத்துக்கு மேலாக இதை விற்கும் கடையும் ஜொங்னோவில் இருக்கிறது. நமக்கு அங்கே வேலையில்லை. பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

குவாங்ஜாங் சந்தையில் நான் பட்டது

வெளிநாட்டவர் எல்லோரும் முதலில் ஓடுவது குவாங்ஜாங் சந்தைக்கு. 1905இல் கொரிய வியாபாரிகள் கூடிப் பணம் போட்டு ஒரு கம்பனி அமைத்து ஆரம்பித்த சந்தை இது. ஜப்பானியர் ஆதிக்கம் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலத்தில், தமது வியாபாரம் தமது கையில் இருக்க வேண்டும் என்று எண்ணிச் செய்த காரியம். கொரியாவின் முதலாவது நிரந்தரச் சந்தை என்று சொல்வார்கள். பட்டும் துணியும்தான் அதன் அடிப்படை வியாபாரம். ஆனால் இன்று உலகம் அறிந்திருப்பது நடுவில் உள்ள சாப்பாட்டு வரிசையைத்தான். 2019இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஆசியாவின் தெருச் சாப்பாடு பற்றி எடுத்த தொடரில் இந்தச் சந்தையின் கைவெட்டு நூட்ல்ஸ் கடை ஒன்று வந்தபின் கூட்டம் இன்னும் கூடிவிட்டது.

2014ஆம் ஆண்டு நானும் அங்கே போய் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். கல் இயந்திரத்தில் பாசிப்பயறை அரைத்து, பெரிய தட்டில் எண்ணெய் விட்டு, நமது தோசையை விடத் தடிப்பாகச் சுடுகிறார்கள். "பிந்தெதொக்" என்று பெயர். பயறு, முளைப்பயறு, கிம்ச்சி என்று என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மரக்கறி. ஒன்றை வாங்கிச் சாப்பிட்டேன். மிகவும் ருசியாக இருந்தது. இரண்டாவதைக் கேட்கும் நேரம், எனக்குச் சரக்கு வாங்கித் தரும் கொரிய நண்பர் வந்து சேர்ந்தார். தட்டைப் பார்த்தார், மேலே தொங்கிய பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாவில் பன்றி இறைச்சி அரைத்துச் சேர்த்திருக்கிறது என்றார்.

அன்று நான் பட்டது சொல்லி முடியாது. ஆனால் அந்தக் கடைக்காரப் பெண்மணி மீது எனக்குக் கோபமில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. பன்றி இறைச்சி சேர்ந்திருக்கிறது, அது எந்த நாட்டு இறைச்சி என்பதெல்லாம் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் இருந்தது. வாசிக்கத் தெரியாமல் போனதும், கேட்காமல் வாயில் வைத்ததும் என் தவறு. வெளிநாட்டுக்காரனிடம் சரக்கு வாங்கும்போது ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். சாப்பாட்டில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் வேலை நாலைந்து சொற்களைப் பாடமாக்கியது. நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "துவேஜி-கொகி" என்றால் பன்றி இறைச்சி. "சோ-கொகி" மாட்டிறைச்சி. "தக்" கோழி. "செங்சொன்" மீன். "சுல்" மதுபானம். "கொகி பெ-ஜுசெயோ" என்றால் இறைச்சி போடாமல் தாருங்கள் என்று அர்த்தம். இவற்றின் கொரிய எழுத்து வடிவத்தை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இப்போது கையடக்கத் தொலைபேசியைப் பலகைக்கு நேரே பிடித்தாலே மொழிபெயர்த்துத் தருகிறது. சாக்குச் சொல்ல வழியில்லை.

அந்தச் சந்தையில் "சுன்தே" என்று கறுப்பாகச் சுருள் சுருளாக இருப்பது பன்றிக் குடலில் இரத்தமும் நூட்ல்ஸும் அடைத்தது. அதன் பக்கமே போக வேண்டாம். பிந்தெதொக் சுடும் எண்ணெயும் சில இடங்களில் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். விசாரித்துத் திருப்தி வந்தால் மட்டும் சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் துணிக் கடைகளைப் பார்த்துவிட்டு மீன் சந்துக்கு நடந்துவிடுங்கள். பத்து நிமிடத் தூரம்தான்.

இறைச்சியே இல்லாத மேசை

அரண்மனைப் பக்கமாக மேற்கே போனால் இன்சாதொங் வரும். காகிதம், மட்பாண்டம், ஓவியம் விற்கும் பழைய வீதி. 2002இல் கலாசார வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கோப்பிக் கடை கூட அங்கே தன் பெயரைக் கொரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறது.

அதன் அருகே ஜொக்யேசா என்ற பெரிய பௌத்த விகாரை இருக்கிறது. அதற்கு எதிரே, அந்தப் பௌத்த சங்கமே நடத்தும் "பல்லு கொங்யாங்" என்ற உணவகம். பிக்குகள் சாப்பிடும் முறையில் சமைக்கிறார்கள். இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயம், பூண்டு கூட இல்லை. மிஷலின் வழிகாட்டி நூலின் சியோல் பதிப்பில் 2017 முதல் 2019 வரை ஒரு நட்சத்திரம் பெற்ற இடம். முன்கூட்டியே மேசை ஒதுக்க வேண்டும். விலையும் மீன் சந்தைப் போல அல்ல, பல மடங்கு. கொரிய வியாபாரி ஒருவரை மரியாதையாக விருந்துக்கு அழைக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் தெரிவு செய்வேன். அது படையல் அல்ல, காசுக்கு விற்கும் சாப்பாடு. விருந்தாளியிடம் "இதைச் சாப்பிட மாட்டேன், அதைத் தொட மாட்டேன்" என்று சங்கடப்படத் தேவையும் இருக்காது.

அவ்வளவு செலவு வேண்டாமென்றால், இன்சாதொங் சந்துகளில் காய்கறியும் முட்டையும் போட்ட பிபிம்பாப் சோறு கிடைக்கும். இறைச்சி வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகாய்ப் பசை, சோயா சோஸ் போன்றவற்றைப் பழுதாகாமல் வைக்கச் சில கம்பனிகள் மதுசாரம் சேர்க்கின்றன. இதன் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் வியாபாரி, ஃபத்வா சொல்ல வரவில்லை. பேரீச்சை போன்ற ஒரு பழத்தில் செய்த கசாயம், எலுமிச்சை இனப் பழத் தேநீர், இஞ்சியும் கறுவாவும் போட்ட குளிர்பானம் என்று இங்குள்ள பழைய தேநீர்க் கடைகளில் கிடைக்கும். கறுவா மணக்கும்போது நமக்கு ஊர் ஞாபகம் வரும்.

அரண்மனைக்கு மேற்கே தொங்கின் சந்தை என்று ஒரு சிறிய சந்தை. 1941இல் ஆரம்பித்தது. சுப்பர் மார்க்கட்டுகள் வந்து வியாபாரம் படுத்தபோது, 2012இல் ஒரு யோசனை செய்தார்கள். பழைய காலத்துப் பித்தளைக் காசைப் போல ஒரு காசு. பணம் கொடுத்து அந்தக் காசையும் வெறும் சாப்பாட்டுப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு, கடை கடையாக நடந்து, ஒரு காசு இரண்டு காசு கொடுத்துப் பிடித்ததை நிரப்பிக்கொள்ளலாம். முட்டைச் சுருள், கீரை, எண்ணெயில் வதக்கிய அரிசிக் கேக் என்று கண்ணால் பார்த்துத் தெரிவு செய்யலாம். பக்கத்திலேயே இறைச்சியும் இருக்கும், அதை விட்டுவிட வேண்டியதுதான். ஒரு சின்ன யோசனையால் சந்தை முழுவதற்கும் ஆள் வந்தார்கள் என்பதை நமது சந்தைச் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

இறைச்சி சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தொங்தெமுன் பக்கம் வீதியைக் கடந்து பக்கத்துப் பிரதேசமான ஜுங்-குவுக்குள் நுழைந்தால், உஸ்பெகிஸ்தான் முதலிய மத்திய ஆசிய நாட்டவர்களின் கடைத்தெரு. ஆட்டிறைச்சியும் ரொட்டியும் கிடைக்கும். ஹலாலா என்று கேளுங்கள், மதுவும் விற்கிறார்களா என்று பாருங்கள். 1976இல் திறக்கப்பட்ட சியோல் மத்திய பள்ளிவாசலைச் சுற்றிய இதெவோன் பகுதியில் ஹலால் கடைகள் நிறைய. ஆனால் அது ஜொங்னோவிலிருந்து தள்ளி இருக்கிறது. ஜும்ஆவுக்குப் போகும்போது சாப்பிட்டு வரலாம். ஒவ்வொரு வேளைக்கும் அங்கே ஓடினால் சரக்கு எடுக்க நேரம் இருக்காது.

பலகை சொல்லும் பாடம்

இனி நமது விடயத்துக்கு வருவோம்.

கொரியாவில் சாப்பாட்டுக் கடைக்காரன் தான் சமைக்கும் இறைச்சி, அரிசி, கிம்ச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். இது சட்டம். 2008இல் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதிக்கு எதிராக இதே ஜொங்னோவின் குவாங்ஹ்வாமுன் பகுதியில் மக்கள் மெழுகுவர்த்தியோடு திரண்டார்கள். அந்த வருடம் இந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. 2013இலிருந்து விலைப்பட்டியலில் வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்த இறுதி விலையைப் போட வேண்டும் என்பதும் சட்டம். பலகையில் 9,000 என்றால் கையில் கொடுப்பதும் 9,000. டிப்ஸ் கேட்கமாட்டார்கள். நமது நாட்டில் சில உணவகங்களில் ஒரு விலையைப் பார்த்து உட்கார்ந்து, வேறு விலையைக் கொடுத்துவிட்டு எழும்புகிறோம். வாடிக்கையாளர் முகம் கோணுவதை லாச்சியில் இருப்பவர் கவனிப்பதில்லை.

நமக்காக அங்கே செய்திருக்கும் இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். கொரிய சுற்றுலாத் துறை முஸ்லிம்கள் சாப்பிடக்கூடிய உணவகங்களை நான்காக வகுத்திருக்கிறது. முஸ்லிம் சம்மேளனத்தின் ஹலால் சான்றிதழ் பெற்றவை முதல் வகை. முஸ்லிமான உரிமையாளரோ சமையற்காரரோ தாமே ஹலால் என்று உறுதி சொல்பவை இரண்டாவது. ஹலால் சாப்பாடும் உண்டு, ஆனால் மதுவும் விற்கலாம் என்பது மூன்றாவது. பன்றி இறைச்சி இல்லை, ஆனால் மற்ற இறைச்சி ஹலால் அல்ல என்பது நான்காவது. எல்லாவற்றுக்கும் ஒரே ஹலால் பலகையை மாட்டி ஆளைச் சேர்க்காமல், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறார்கள். முஸ்லிமல்லாத ஒரு நாடு இவ்வளவு நேர்மையாகச் சொல்லும்போது, சரக்கின் தரத்தைச் சொல்வதில் நாம் எப்படி இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

அங்கேயும் எல்லோரும் மலக்குகள் அல்லர். 2023 நவம்பரில் குவாங்ஜாங் சந்தையில் ஒரு கடை, 15,000 வொன் வாங்கிக்கொண்டு ஒரு சிறு தட்டில் சில துண்டுகளை மட்டும் வைத்துக் கொடுத்ததை ஒருவர் படம் பிடித்து வெளியிட்டார். நாடு முழுவதும் பேச்சாகிவிட்டது. சந்தை வியாபாரிகளே அந்தக் கடையைப் பத்து நாள் மூடவைத்தார்கள். அடுத்த மாதமே, எவ்வளவு அளவு தருகிறோம் என்பதையும் பலகையில் போட வேண்டும், வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று சியோல் நகர நிர்வாகம் அறிவித்தது. அப்படியிருந்தும் 2025 நவம்பரில் மீண்டும் அதே சந்தையில், பலகையில் உள்ள விலையை விடக் கூட்டி வாங்கியதாக ஒரு முறைப்பாடு எழுந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒழுங்காக வியாபாரம் செய்யும் சந்தையின் 120 வருடப் பெயர், ஒரு தட்டிலும் சில ஆயிரம் வொன்னிலும் கெட்டுப்போகிறது. "அது அந்தக் கடையின் தவறு" என்று பக்கத்துக் கடைக்காரன் சொல்லிப் பயனில்லை. வெளியூரிலிருந்து வருபவன் கடையின் பெயரை நினைவில் வைப்பதில்லை, சந்தையின் பெயரைத்தான் நினைவில் வைக்கிறான். நமது குறுக்குத் தெருக்களில் ஒருவர் மீற்றரில் அங்குலம் குறைத்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று. மீன் சந்தில் எல்லோரும் மீன் விற்கிறார்கள். கோழிச் சந்தில் எல்லோரும் கோழி. பக்கத்தில் இன்னொருவர் அதே கடையைப் போட்டால் நமக்கு வயிறு எரிகிறது. அங்கே அதனால்தான் சந்துக்கே ஆள் வருகிறது. ஒரு கடை ஒரு சாப்பாட்டை முப்பது நாற்பது வருடம் விற்கிறது. அப்படி முப்பது வருடம் தாண்டிய கடைகளைத் தெரிவு செய்து "நூறு வருடக் கடை" என்று பட்டயம் கொடுக்கும் திட்டத்தை 2018இல் அரசு ஆரம்பித்தது. எல்லாவற்றையும் விற்கும் கடைக்கு அந்தப் பெயர் வருவது கஷ்டம்.

அந்தத் தம்பி எழும்பும்போது, "அப்ப டின் மீன எடுக்கவா, வேணாமா நானா?" என்று மீண்டும் கேட்டார். "ரெண்டு டின் எடுங்க தம்பி, விமானம் பிந்தினா உதவும். மிச்ச இடத்த சாம்பிள் கொண்டு வாறதுக்கு வையுங்க" என்றேன். போகும்போது அந்த ஐந்து சொற்களையும் தன் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனார்.

அவர் போன பின் என் கடையின் விலைப் பலகையை வெளியே வந்து நின்று பார்த்தேன். மூன்று இடத்தில் விலை அழிந்திருந்தது. ஓர் இடத்தில் பழைய விலை. பையனைக் கூப்பிட்டு அன்றே திருத்தி எழுதச் சொன்னேன். நீங்களும் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, ஒரு வாடிக்கையாளரைப் போல உங்கள் கடை வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.